எத்தனை பீஸ், எவ்வளவு துணி

திருப்பூரிலிருந்து வெளிநாட்டு பையர்களுக்குப் போகிற மெயில்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எல்லோரும் பயப்படுகிற டென்ஸ் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. ஸ்பெல்லிங்கை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. மிச்சமிருக்கிற தொல்லை ஒரே ஓர் எழுத்துதான்: கூப்பிடாத இடத்தில் வந்து உட்காரும் 'ஸ்'. இன்ஃபர்மேஷன்ஸ், எக்விப்மென்ட்ஸ், மெஷினரீஸ், ஃபீட்பேக்ஸ், ஸ்டாஃப்ஸ். கூடவே அதன் சொந்தக்காரர்களும் வந்துவிடுவார்கள்: மெனி இன்ஃபர்மேஷன், ஃப்யூ டைம், அமவுன்ட் ஆஃப் கார்ட்டன்ஸ்.

நான் ஆங்கில வாத்தியார் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பக்கம், அதாவது பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற பக்கம், இருப்பவன். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் எழுதுகிற மெயில்களை அனுப்புவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள், பல கல்லூரிகள். தப்பு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் அது அவர்கள் படித்த பள்ளியின் குறையாக இருக்க முடியாது. வேறு எங்கிருந்தோ வருகிறது.

இலக்கண விதி என்று பார்த்தால் மூன்று வரிக்கு மேல் இல்லை. எண்ணக்கூடிய பொருளுக்கு மெனி, ஃப்யூ, செவரல், நம்பர் ஆஃப். எண்ண முடியாததற்கு மச், லிட்டில், அமவுன்ட் ஆஃப். சம், எனி, எனஃப், பிளென்டி ஆஃப், எ லாட் ஆஃப் எல்லாம் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவை. இதைப் பள்ளியிலேயே எல்லோரும் படித்துவிட்டோம். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கும் வாங்கினோம். விதி தெரியாமல் யாரும் தப்பு செய்வதில்லை. ஒரு சொல் எந்தப் பக்கம் சேரும் என்பதில்தான் சறுக்குகிறது. அந்த இடத்தில் நமக்குக் கை கொடுப்பதும் தமிழ்தான், காலை வாரிவிடுவதும் தமிழ்தான்.

முதலில் கை கொடுப்பதைச் சொல்கிறேன். எண்ணுவது, அளப்பது என்ற பிரிவு நமக்குப் புதிதே இல்லை. எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்ல வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் அளந்து சொல்ல வேண்டும். எத்தனை தேங்காய், எவ்வளவு எண்ணெய். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மூன்று வயதுப் பிள்ளைக்கு இது வந்துவிடுகிறது. சில, பல என்பவை எண்ணுகிற பக்கம்; சிறிது என்பது அளக்கிற பக்கம். 'சில தண்ணீர்' என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். எங்கள் தொழிலில் இதை இன்னும் அழகாகப் பார்க்கலாம். "எவ்வளவு துணி வேண்டும்?" என்று கேட்டால் பதில் கிலோவிலோ மீட்டரிலோ வரும். "எத்தனை துணி துவைத்தாய்?" என்றால் பதில் சட்டை, பாவாடை, துண்டு என்று எண்ணிக்கையில் வரும். சொல் ஒன்றேதான். கேள்விதான் அதை இரண்டாக்குகிறது.

ஆங்கிலம் அதே வேலையைச் சொல்லை மாற்றிச் செய்கிறது. நெய்த துணி கிளாத். உடுத்துகிற துணிகள் க்ளோத்ஸ். உடுத்துவதெல்லாம் சேர்ந்து க்ளோதிங். இந்த மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கிளாத் பெரும்பாலும் அளக்கிற பொருள்; மேஜை துடைக்கிற துண்டுத் துணி என்ற பொருளில் மட்டும் 'எ கிளாத்' என்று எண்ணலாம். க்ளோத்ஸ் எப்போதும் பன்மைதான், ஆனால் 'த்ரீ க்ளோத்ஸ்' என்று எண் போட்டுச் சொல்வதில்லை. க்ளோதிங் எப்போதும் ஒருமை, 'ஸ்' சேரவே சேராது. ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் கார்மென்ட்ஸ் என்று போக வேண்டும், அல்லது நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற பீசஸ். கார்மென்ட் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த நான்கும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இனி காலை வாரிவிடுகிற இடம். தமிழில் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமே இல்லை. 'பத்து மாடு நிக்குது' என்றால் முழுச் சரி. பத்து என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை நன்னூலில் நான்கே சொல்லில் முடித்துவிட்டார்: 'பால்பகா அஃறிணைப் பெயர்கள் பால்பொதுமைய'. மாடு என்ற சொல் ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். வந்தது என்றால் ஒன்று, வந்தன என்றால் பல. வினையைப் பார்த்துத் தெரிந்துகொள். பேச்சு வழக்கில் அந்த வினையும் வந்துச்சு என்று ஒன்றாகிவிட்டது. ஆக, பெயரில் ஒருமை பன்மை காட்டுகிற பழக்கமே நமக்குத் தளர்வானது. தோன்றினால் கள், தோன்றாவிட்டால் இல்லை.

இந்தத் தளர்ச்சியோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது பள்ளியில் நம்மைப் பயமுறுத்தி வைக்கிறார்கள்: 'ஒன்றுக்கு மேல் என்றால் ஸ் போடு, மறந்தால் மார்க் போச்சு.' பயத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். தகவல், அறிவுரை, செய்தி, நகை, வேலை எல்லாமே தமிழில் எத்தனை பக்கம் நிற்பவை. 'ரெண்டு தகவல் சொல்லணும்', 'நாலு வேலை இருக்கு', 'ஒரு நல்ல செய்தி'. அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் டூ இன்ஃபர்மேஷன்ஸ், ஃபோர் வொர்க்ஸ், எ குட் நியூஸ். நியூஸில் ஏற்கெனவே ஒரு ஸ் இருக்கிறது, ஆனாலும் அது ஒருமை, அதே சமயம் அதன் முன்னால் 'எ' போடவும் கூடாது. நம் ஆட்கள் திணறுவதில் தப்பே இல்லை.

இன்ஃபர்மேஷன் ஏன் எண்ண முடியாதது என்று கேட்டால் நேர்மையான பதில்: காரணம் எதுவும் கிடையாது. 'கண்ணால் பார்க்க முடியாதது, தொட முடியாதது எண்ண முடியாதது' என்று வகுப்பில் சொல்வார்கள். ஐடியாவைத் தொட முடியுமா? அது எண்ணக்கூடியது. ஃபர்னிச்சரைத் தொட முடியும், தடுக்கிக்கூட விழலாம். அது எண்ண முடியாதது. பிரெஞ்சுக்காரர்கள் தகவலையும் அறிவுரையையும் பன்மையில் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்களும் தகவலை எண்ணுகிறார்கள். உலகம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை யார் எப்படிப் பிரித்து அடுக்கினார்கள் என்பதுதான் வேறு.

ஆங்கிலத்துக்குள்ளேயே பாருங்கள். கோதுமை வீட், எண்ண முடியாதது. ஓட்ஸ் எப்போதும் பன்மை. இரண்டும் தானியம், இரண்டையும் யாரும் மணி மணியாக எண்ணப் போவதில்லை. ரைஸ் ஒருமை, லென்டில்ஸ் பன்மை. அரிசி ஒரு பக்கம், பருப்பு மறுபக்கம் என்று பிரித்துவைத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனியன்ஸ் எண்ணலாம், கார்லிக் எண்ண முடியாது. பூண்டை எண்ண வேண்டுமென்றால் 'க்ளோவ்' என்று ஒரு சொல்லைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். இது மட்டும் நம் சமையலறையோடு ஒத்துப்போகிறது: நாமும் 'நாலு பல் பூண்டு' என்றுதான் சொல்கிறோம், 'நாலு பூண்டு' என்றால் நான்கு முழுப் பூண்டு என்று ஆகிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த கதை பட்டாணியுடையது. பழைய ஆங்கிலத்தில் பட்டாணிக்குப் 'பீஸ்' என்று பெயர். லத்தீனிலிருந்து வந்த சொல். கடைசியில் இருக்கிற அந்த ஸ் சொல்லின் சொந்த உறுப்பு, பன்மை இல்லை. ஒரு குவியலாகவே பட்டாணியைச் சொன்னார்கள். காலப்போக்கில் கேட்பவர்கள் காதில் அது பன்மை போல விழுந்தது. பன்மை இருந்தால் ஒருமை இருக்க வேண்டுமே? 17ஆம் நூற்றாண்டில் ஸை வெட்டிவிட்டு 'பீ' என்ற ஒருமையை உண்டாக்கினார்கள். பீஸ் புட்டிங் என்ற பண்டத்தின் பெயரில் மட்டும் பழைய சொல் அப்படியே இருக்கிறது. அதாவது, நாம் இல்லாத ஸைச் சேர்த்துத் திட்டு வாங்குகிறோம். அவர்கள் இருந்த ஸை வெட்டி எறிந்துவிட்டு அதையே இலக்கணம் ஆக்கிக்கொண்டார்கள்.

காரணம் இல்லையென்றாலும் தடம் இருக்கிறது. ஒரு கூட்டப் பொருளுக்குப் பொதுப் பெயராக வருகிற சொற்கள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எண்ண முடியாத பக்கம் போய்விடுகின்றன. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ண முடியாது. சூட்கேஸை எண்ணலாம், லக்கேஜை எண்ண முடியாது. மோதிரத்தை எண்ணலாம், ஜுவல்லரியை எண்ண முடியாது. 'ரி' என்று முடிகிற கூட்டுப் பெயர்களைக் கண்டாலே கொஞ்சம் உஷாராக இருந்தால் நல்லது: மெஷினரி, ஸ்டேஷனரி, கட்லரி, கிராக்கரி, பொயட்ரி. மெஷின்ஸ் சரி, மெஷினரீஸ் தப்பு. இது தெரிந்தால் எங்கள் ஊரில் பல போர்டுகளை மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஃபேக்டரி, பேட்டரி எல்லாம் இந்த வகை இல்லை. அவை தனிப் பொருள், தாராளமாக எண்ணலாம்.

அடுத்தது 'வேர்'. சாஃப்ட்வேர், ஹார்டுவேர் என்பதில் ஒரு வேர். நிட்வேர், ஃபுட்வேர், அண்டர்வேர் என்பதில் வேறொரு வேர். ஆங்கில எழுத்தில் இரண்டும் வெவ்வேறு. முதலாவது சரக்கு, இரண்டாவது உடுப்பு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே வேர் ஆகிவிடுகிறது, நடத்தையும் ஒன்றுதான்: எதிலும் ஸ் சேராது. பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு நிட்வேர்ஸ் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடமும் எல்லா இடத்திலும் செல்லாது. வெஜிடபிள்ஸ், டூல்ஸ் எல்லாம் பொதுப் பெயர்தான், ஆனால் எண்ணலாம். ஆகவே சந்தேகம் வந்தால் டிக்‌ஷனரியைப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி, யு என்று சின்ன எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் எண்ண முடியாது. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தக் குறிகள் வந்த வழி சுவாரசியமானது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பானிய மொழியிலும் பெயர்ச்சொல்லுக்கு ஒருமை பன்மை கட்டாயமில்லை. நம்மைப் போலவே அவருடைய மாணவர்களும் தடுமாறினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் தயாரித்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சானது, இந்தப் பிரிவை மாணவருக்குக் காட்டியது. பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் பெயரில் உலகம் முழுக்கப் போனது. ஆங்கிலேயனுக்குத் தேவைப்படாத அந்தக் குறி நம்மைப் போன்றவர்களுக்காகவே போடப்பட்டது. அதை உபயோகிக்காமல் விடுவது அநியாயம்.

பெயர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இனி அளவுச் சொல்லுக்கு வருகிறேன். மச், மெனி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று: மச் என்ற சொல் கேள்வியிலும் மறுப்பிலும்தான் இயல்பாக இருக்கும். 'வீ டோன்ட் ஹேவ் மச் ஃபேப்ரிக்' சரி. 'வீ ஹேவ் மச் ஃபேப்ரிக்' என்று எழுதினால் இலக்கணத் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எ லாட் ஆஃப் என்று போட்டுவிடுங்கள். அது எதற்கும் ஒத்துப்போகும்.

லிட்டில், ஃப்யூ இரண்டும்தான் உண்மையிலேயே ஆபத்தானவை. அங்கே தப்பு செய்தால் எழுத்துப்பிழையாகப் போகாது, அர்த்தமே தலைகீழாகிவிடும். ஃப்யூ டிஃபெக்ட்ஸ் என்றால் குறை அதிகம் இல்லை என்று பாராட்டு. எ ஃப்யூ டிஃபெக்ட்ஸ் என்றால் கொஞ்சம் குறை இருக்கிறது, கவனி என்று எச்சரிக்கை. நடுவில் இருப்பது ஒரே ஒரு 'எ'. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அந்த எ விடுபட்டால் கிடைப்பது நல்ல பெயர், சேர்ந்தால் கேள்வி.

இதைப் புதியவர்களுக்குச் சொல்ல நான் 'தான்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன். தமிழில் 'கொஞ்சம் இருக்கு' என்றால் இருக்கிறது என்ற நிம்மதி. 'கொஞ்சம்தான் இருக்கு' என்றால் போதாது என்ற கவலை. நாம் வெறும் சொல்லை நிம்மதிக்கு வைத்துக்கொண்டு, கவலைக்குத் தான் சேர்க்கிறோம். ஆங்கிலம் நேர் எதிர். வெறும் லிட்டில் கவலை: கொஞ்சம்தான். எ சேர்த்தால் நிம்மதி: கொஞ்சம் இருக்கு. ஃப்யூவும் அப்படியே. 'சிலரே வந்தனர்' என்று எழுத்துத் தமிழில் ஏகாரம் போடுகிறோமே, அதுவும் இதே வேலைதான். ஆங்கில வாக்கியத்தை எழுதிவிட்டு மனதுக்குள் தமிழில் தான் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் எ வேண்டாம். பொருந்தாவிட்டால் எ வேண்டும்.

'குவைட் எ ஃப்யூ' என்று ஒன்று இருக்கிறது. அது இந்தக் கணக்குக்கெல்லாம் வெளியே நிற்கிறது. ஒரு நாள் மாலை ஒரு பையரிடமிருந்து மெயில் வந்தது. பீஸ்களில் ஆயில் கறை இருப்பதாக எழுதியிருந்தார்கள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி படித்துவிட்டு நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, பையர் என்ன சொல்றாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்ணா. குவைட் எ ஃப்யூன்னுதான் போட்டிருக்காங்க. கம்மிதானுங்க."

"குவைட் எ ஃப்யூன்னா கம்மி இல்ல தம்பி. நிறைய. மொதல்ல செக்கிங்குக்கு போன் போடு."

அவன் முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை. குவைட் என்றால் ரொம்ப, எ ஃப்யூ என்றால் கொஞ்சம், சேர்த்தால் ரொம்பக் கொஞ்சம் என்று அவன் கூட்டியது நியாயமான கூட்டல். ஆங்கிலம்தான் அந்தக் கூட்டலுக்கு வேறு விடை வைத்திருக்கிறது. 'நாட் எ ஃப்யூ' என்று வந்தாலும் நிறைய என்றே அர்த்தம். 'ஒன்லி எ ஃப்யூ' என்றால் மறுபடி கொஞ்சம்தான்.

என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டில் ஃப்யூவும் வேண்டாம், எ ஃப்யூவும் வேண்டாம். எண்ணைப் போடுங்கள். எத்தனை குறை வரை சரக்கை ஏற்கலாம் என்று சொல்கிற ஏ.க்யூ.எல் அட்டவணை எப்படி வேலை செய்கிறது? 1201 முதல் 3200 பீஸ் வரை உள்ள லாட்டில், வழக்கமான இரண்டாம் லெவல் சோதனையில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல் 2.5 என்று வைத்துக்கொண்டால் 7 குறை வரை லாட் பாஸ். 8 ஆனால் ஃபெயில். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அளவுச் சொல்லுக்கு இடமே கிடையாது. ஃப்யூ போட்டு எழுதுகிறவர்கள் பல நேரம் எண்ணை மறைக்கப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். அது வேறு கதை.

லெஸ், ஃப்யூவர் சண்டைக்கு வருவோம். எண்ணக்கூடியதற்கு ஃப்யூவர், அளப்பதற்கு லெஸ் என்பது விதி. 'லெஸ் பீசஸ்' என்று எழுதினால் இங்கிலாந்தில் சிலர் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் இந்த விதியின் ஜாதகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் லத்தீனிலிருந்து பெயர்த்து எழுதியபோதே சொற்கள் என்ற எண்ணக்கூடிய பெயரோடு லெஸ்ஸைத்தான் போட்டிருக்கிறார். அதன் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் எல்லோரும் அப்படியே எழுதினார்கள். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கை வருகிற இடத்தில் ஃப்யூவர் போட்டால் நேர்த்தியாக இருக்கும் என்று தனக்குத் தோன்றுவதாக எழுதினார். தோன்றுவதாக, அவ்வளவுதான். அது பின்னால் வந்தவர்கள் கையில் சட்டமாக இறுகிவிட்டது. பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் பத்துப் பொருளுக்கு மேல் இல்லாதவர்களுக்குத் தனி வரிசை உண்டு. அங்கே '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று போர்டு இருந்தது. லெஸ்ஸா ஃப்யூவரா என்று ஜனங்கள் சண்டை பிடித்து, கடைசியில் 2008இல் 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றி இரண்டிலிருந்தும் தப்பித்துக்கொண்டார்கள். சாமர்த்தியம்.

அதற்காக மெயிலில் லெஸ் பீசஸ் என்று எழுதலாம் என்று சொல்ல வரவில்லை. பையர் படித்தவர், விதியும் படித்திருப்பார். அவரிடம் ஆல்ஃபிரட் அரசரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. ஃப்யூவர் பீசஸ் என்றே எழுதுங்கள். ஆனால் பணம், தூரம், நேரம், எடை வந்தால் எண் இருந்தாலும் லெஸ்தான்: லெஸ் தேன் 500 ருப்பீஸ், லெஸ் தேன் 20 கிலோஸ், லெஸ் தேன் டூ வீக்ஸ். அங்கே ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, தொகையாகப் பார்க்கிறோம். 'ஐந்நூறு ரூபாய் போதும்' என்று நாமும் ஒரு தொகையாகத்தானே சொல்கிறோம். இதில் வீராப்பாகத் திருத்தி ஃப்யூவர் தேன் 20 கிலோஸ் என்று மாற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

மச், மெனியும் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் 'மச் பீப்பிள்' என்று வருகிறது. 'எவ்வளவு பேர் வந்தாங்க' என்று நம் ஊரில் சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் அதுவும். கூட்டம் என்றால் அளக்கத் தோன்றுகிறது போலும். இன்று மச் பீப்பிள் எழுதினால் தப்பு. ஈமெயில் நம் கண் முன்னாலேயே பக்கம் மாறியது. மெயில் எண்ண முடியாத சொல்லாக இருந்ததால் ஈமெயிலும் முதலில் அப்படியே இருந்தது. இப்போது 'த்ரீ ஈமெயில்ஸ்' எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. டேட்டா எதிர்த் திசையில் போனது. லத்தீனில் அது பன்மை. இப்போது பெரும்பாலோர் கையில் மச் டேட்டா ஆகிவிட்டது. ஃபீட்பேக்ஸும் ஒரு நாள் உள்ளே வந்துவிடலாம். வரும்வரை ஃபீட்பேக் என்றே எழுதுவோம்.

பணத்தோடு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு ஸ் உண்டு. டேமேஜ் என்றால் சேதம், எண்ண முடியாதது. டேமேஜஸ் என்று ஸ் போட்டால் அது கோர்ட் வார்த்தை: நஷ்டஈடு. கார்ட்டன் கிழிந்திருக்கிறது என்று சொல்ல வந்தவர் 'தேர் ஆர் டேமேஜஸ்' என்று எழுதினால் எதிராளி பேச்சு மரியாதைக்குப் புரிந்துகொள்வார். 'வீ அக்சப்ட் த டேமேஜஸ்' என்று எழுதினால்? சேதம் ஆனதை ஒத்துக்கொள்கிறோம் என்பது நாம் நினைத்தது. நஷ்டஈடு தருவதற்குச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். பணத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்கிற டெபிட் நோட் வரும்போது இலக்கணம் பேசிப் பயனில்லை. இந்தச் சொல்லை மட்டும் நான் யாருடைய மெயிலில் பார்த்தாலும் கையோடு திருத்திவிடுகிறேன்: 'சம் ஆஃப் த கார்ட்டன்ஸ் ஆர் டேமேஜ்டு'. முடிந்தது வேலை.

எண்ண முடியாததை எண்ணத்தான் வேண்டுமென்றால் துணைச் சொல் தேவை. எ பீஸ் ஆஃப் அட்வைஸ், ஆன் ஐட்டம் ஆஃப் க்ளோதிங், எ பார் ஆஃப் சோப். இதில் நமக்குப் பழக்கம் நிறைய. ஒரு பிடி அரிசி, ஒரு பருக்கை சோறு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கட்டுக் கீரை, ஒரு முழம் பூ. பூ எண்ணக்கூடியதுதான், ஆனால் மல்லிகையை யாரும் எண்ணி வாங்குவதில்லை. இவ்வளவு துணைச் சொல் வைத்திருக்கிற நாம் 'டூ சோப்ஸ்', 'டூ பிரெட்ஸ்' என்று எழுதுவதற்குக் காரணம், சோப்பும் பிரெட்டும் கடையில் நமக்குப் பாக்கெட்டாக வந்து, 'ரெண்டு சோப்பு' என்றே பழகிவிட்டதுதான்.

நூலிலும் இதைப் பார்க்கலாம். யார்ன் எண்ண முடியாத பெயர். ஆனால் 'கவுன்ட்' என்ற சொல்லே நூலுக்குத்தான் சொந்தம்: 30ஸ், 40ஸ் என்று தினமும் சொல்கிறோம். எண்ண முடியாத பொருளுக்கு எப்படி எண்ணிக்கை வந்தது? எண்ணுவது நூலை இல்லை, சிட்டத்தை. 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். முப்பது நின்றால் 30ஸ். பூண்டுக்குப் பல் போல நூலுக்குச் சிட்டம். நூல் மெலிய மெலியச் சிட்டம் கூடும், அதனால்தான் கவுன்ட் ஏற ஏற நூல் சன்னமாகிறது.

நம்பர் ஆஃப், அமவுன்ட் ஆஃப் பற்றிச் சுருக்கமாக. கார்ட்டனுக்கு நம்பர், துணிக்கு அமவுன்ட். 'எ நம்பர் ஆஃப் பீசஸ்' என்றால் பல பீஸ்கள், வினை பன்மையில் வரும்: ஆர். 'த நம்பர் ஆஃப் பீசஸ்' என்றால் பீஸ்களின் எண்ணிக்கை, அது ஒன்றுதான்: இஸ். குழப்பமாக இருந்தால் குவான்டிட்டி என்று போட்டுவிடுங்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த பிறகு வருகிற புதுத் தொல்லை ஒன்று இருக்கிறது. ஸைப் பார்த்தாலே பயந்து எல்லாவற்றையும் வெட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். கம்பெனி அறிமுகத்தாளில் 'த ஃபேப்ரிக்ஸ் வீ யூஸ்' என்று சரியாக இருந்ததை ஒரு பெண் ஃபேப்ரிக் என்று மாற்றிவைத்தாள். "அக்காதானுங்ணா சொன்னாங்க, ஃபேப்ரிக் அன்கவுன்டபிள்னு." அக்கா சொன்னது தப்பில்லை, பாதி. சிங்கிள் ஜெர்சி, இன்டர்லாக், ரிப், ஃபிளீஸ் என்று வகைகளைச் சொல்லும்போது ஃபேப்ரிக்ஸ் சரி. பல ரக நூலைச் சொல்லும்போது யார்ன்ஸும் சரி. பழக்கடையில் ஃப்ரூட், பழ வகைகளைச் சொல்லும்போது ஃப்ரூட்ஸ். ஹோட்டலில் உட்கார்ந்து 'டூ காஃபீஸ்' என்று கேட்பதும் சரி, அங்கே எண்ணுவது கப்பை. எக்ஸ்பீரியன்ஸ் என்றால் பணி அனுபவம், ஸ் வராது. வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்றால் எக்ஸ்பீரியன்சஸ். பேங்க்கிலிருந்து பணம் வந்து சேர்ந்ததற்கு ஒரு தாள் வருகிறதே, பேமென்ட் அட்வைஸ். அது அறிவுரை இல்லை, அறிவிப்புத் தாள். இரண்டு தாள் வந்தால் 'டூ பேமென்ட் அட்வைசஸ்' என்று எழுதலாம். அக்கவுன்ட்ஸ் பிரிவில் பெரியவர் ஒருவர் காலம்காலமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய மெயிலை யாரும் திருத்தப் போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.